பைப்பு கடித்த காலை

றப்பர் பால் வெட்டு, கித்துல்கல ஆற்றில் சுற்றுலாக்காரருக்குப் படகு சுமப்பு, குழாய் வேலை என்று ஊர் ஊராகப் போனவன் நான். போன வருடம் றக்வானத் தோட்டத்தில் அக்காவின் லயத்து வீட்டில் தங்கியபோது, துருப்பிடித்து ஒழுகிய இரும்புத் தண்ணீர்க் குழாயை வெட்டிவிட்டு பிளாஸ்டிக் குழாய் போட்டேன். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் மட்டும் ஒரு முழ இரும்பை விட்டுவைத்தேன். அதில் பச்சை வயர் ஒன்று கட்டியிருந்தது. எதற்கென்று யோசிக்கவில்லை.

மறுநாள் அக்கா கரண்ட் கேத்தலைப் போட்டுவிட்டு அரிசி கழுவப் போனார்.

“தம்பி, பைப்பு கடிக்குதுடா!”

“பல்லு முளைச்சிருச்சா?” என்று சிரித்துக்கொண்டே வெறுங்காலோடு போய்த் தொட்டேன். கரண்ட் தூக்கி எறிந்தது. அக்காவைக் காப்பாற்றியது காலில் கிடந்த றப்பர் செருப்பு. அவர்தான் ஓடிப்போய் மெயினை நிறுத்தினார்.

கரண்ட் வேலை செய்யும் வயரிங் பாஸ் வந்து பார்த்தார். கேத்தல் பழுது. அதில் கசிந்த கரண்ட் பச்சை வயர் வழியாக இரும்புக் குழாய்க்கு வந்து மண்ணுக்குள் இறங்கிவிட வேண்டியது.

“அந்த வழியத்தான் நீங்க வெட்டிட்டீங்க. பிளாஸ்டிக்ல கரண்ட் போவுமா?” என்றார். மண்ணில் செம்புக் கம்பி அடித்து வயரை அதில் பூட்டினார்.

இப்போதும் குழாய் வேலைக்குப் போகிறேன். மெயினை நிறுத்தி, குழாயை முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் இரும்பு அறுக்கும் வாளை வைக்கிறேன். வயர் கட்டியிருந்தால், வயரிங் பாஸ் வரும்வரை ஒழுகட்டும் என்று விட்டுவிடுகிறேன்.