தாய்மாமனும் ரிமோட் சாவியும்

கார் ரிமோட் பூட்டு எங்கள் தெருவுக்குப் புதிதாக இருந்த காலம். என் பழைய காருக்கு ஒன்று மாட்ட அவனியாபுரத்தில் ஒரு கடைக்குப் போனேன். எது நன்றாக உழைக்கும் என்று கேட்கவில்லை. எது அதிகமாகக் கத்தும் என்றுதான் கேட்டேன்.

"இது தெரு அம்புட்டுக்கும் கேக்கும்ணே" என்றார் கடைக்காரர். அதையே வாங்கினேன்.

மறுவாரம் மேலூர் பக்கம் குலதெய்வக் கோயிலில் அக்கா மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான், என் மடியில்தான் பிள்ளை உட்கார வேண்டும், தோடும் என் சீர்தான். வாசலில் எல்லோரும் பார்க்க, ரிமோட்டை அமுக்கிக் காரைப் பூட்டினேன். புதுப் பொருளாயிற்றே என்று அதைச் சாவியோடு பூசாரியிடம் பூஜைக்குக் கொடுத்தேன். அவர் தாராளமாகத் தீர்த்தம் தெளித்து, சந்தனமும் அப்பிக் கொடுத்தார்.

அப்புறம்தான் தோடு காருக்குள் இருப்பது நினைவுக்கு வந்தது. ரிமோட்டை அமுக்கினேன், சத்தமே இல்லை. துடைத்தேன், ஊதினேன், வெயிலில் காட்டினேன். நல்ல நேரம் முடியப்போகிறது என்று அக்கா அழாத குறை. அவள் கணவர் கையில் கல்லோடு வந்துவிட்டார்.

"கண்ணாடிய ஒடைச்சிருவோமா மாப்ள?"

காது குத்த வந்த ஆசாரி எட்டிப் பார்த்தார். "அண்ணே, அதே வளையத்துல சாவி தொங்குதே. அத வச்சுத் தொறக்க முடியாதா?"

சாவியால் திறந்தேன். உடனே அலாரம் அலறியது. நிறுத்தவோ ரிமோட்டுக்கு உயிர் இல்லை. மேளக்காரர்கள் வாசிப்பதை விட்டுவிட்டார்கள். காது குத்தியபோது பிள்ளை அழுததுகூட யாருக்கும் கேட்கவில்லை. கூட்டம் முழுவதும் என்னையே பார்த்தது.

பொய் சொல்வானேன்? எல்லோரும் திரும்பிப் பார்க்க வேண்டும் என்றுதான் அந்த ரிமோட்டையே வாங்கினேன்.