ஈரம் பார்க்கும் கை

பிலவேந்திரன் பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கி அதன் அடியைத் தடவிப் பார்க்கிறார். புதுக்குடம். வாங்கும்போதே கடைக்காரர் முகம் சுளிக்கச் சுளிக்கத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாயிற்று. ஆனாலும் மனுசனுக்குக் கை நிற்காது. குடத்தை வைத்ததும் சுவர், அப்புறம் அரிசி மூட்டை, அப்புறம் கொடியில் காயும் தன் வேட்டி. "கசிவு என்ன, சொல்லிக்கிட்டா வரும்?" என்பார்.

"அந்தக் கைய வச்சிக்கிட்டுக் கொஞ்சம் சும்மா கெடங்களேன்" என்று அடுப்படியிலிருந்து மனைவி அமலோற்பவமேரி கத்துவார். மனுசன் காதில் போட்டுக்கொண்டால்தானே!

ஏலாக்குறிச்சிக்குத் தெற்கே, கொள்ளிடத்தின் நடுவில் இருக்கும் சின்னத் திட்டில் அவர்கள் வீடு. ஆறு வறண்டால் மணலில் நடந்தே கரைக்குப் போய்விடலாம். தண்ணீர் வந்தால் போச்சு. போன வெள்ளத்தில் வீட்டுக்குள் முழங்கால் ஆழம் ஏறி, எல்லோரும் கோயில் மாடியில் ஒண்டிக் கிடந்தார்கள். அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் விடவில்லை. இந்த லட்சணத்தில் மகள் ஷாலினி மேரி தலைப்பிரசவத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

பயம் வந்தவருக்கு ஓடம் ஞாபகம் வந்தது. இலுப்பைப் பலகையில் செய்த பழைய ஓடம். அவர் அப்பா காலத்தில் பங்குச்சாமியார் அதில் ஏறித்தான் திட்டுக்குப் பூசை வைக்க வருவார். கல்யாணப் பெண்ணும் அதில்தான், பிணமும் அதில்தான், கரும்புக்கட்டும் அதில்தான். ஆற்றில் தண்ணீரே வராத வருசங்களில் கருவேலங்காட்டில் கவிழ்த்துப் போட்டதை அப்படியே மறந்துவிட்டார்கள். அதன் நிழலில் ஆடுகள் குட்டி போட்டுக்கொண்டிருந்தன.

அதை இழுத்து வந்து நிமிர்த்தினால் இடுக்கு இடுக்காக வெளிச்சம் தெரிந்தது. அரியலூர்ப் பக்கம் சிமெண்டு ஆலையில் மூட்டை பிடித்தே தலை நரைத்தவருக்கு வேறென்ன தோன்றும்? எல்லா இடுக்கிலும் சிமெண்டைக் குழைத்து அப்பினார். "அணைக்கட்டையே நிறுத்தி வச்சிருக்கு, இந்த ஓடத்த நிறுத்தாதா?" என்று பெருமை வேறு. ஆற்றில் தண்ணீர் தேங்கிக் கிடந்த மடுவில் இறக்கியதும் மரம் தண்ணீர் குடித்துப் பருத்தது. சிமெண்டு துண்டு துண்டாகக் கழன்று விழுந்தது. ஊரார் அதற்கு 'சிமெண்டுக் கப்பல்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு வாரம் தலைகாட்டவில்லை மனுசன்.

அப்புறம் பக்கத்து வீட்டுத் தச்சர் ராசாங்கத்தின் காலைப் பிடிக்காத குறைதான். இருவருமாக உளி பிடித்துச் சிமெண்டைச் சுரண்டி எடுத்தார்கள். உளுத்த பலகையை மாற்றினார்கள். இடுக்குகளில் தேங்காய் நாரைத் திணித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியப் பிசினை ஊற்றினார்கள். முடிந்தது என்று பிலவேந்திரன் மூச்சு விடும்போது ராசாங்கம் சொன்னார்: "இனிமே முழுக்கிடணும்ண்ணே. மணல் மூட்டைய ஏத்தித் தண்ணிக்குள்ள அமுக்குங்க. காஞ்ச மரம் ஊறிப் பருத்தாத்தான் இடுக்கு மூடும்."

"மாதாவே! முழுகக் கூடாதுன்னுதானய்யா இம்புட்டுப் பாடு! அது அடியில கெடக்கறப்ப புள்ளைக்கு வலி வந்துட்டா?"

"நர்சம்மா சொன்ன நாளுக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு" என்றார் அமலோற்பவமேரி. "காஞ்ச ஓடத்துல எம் பொண்ண ஏத்த மாட்டேன். முழுக்குங்க."

அதே மடுவில் முழுக்கினார்கள். ஓடம் கண்ணை விட்டு மறைந்தது. பிலவேந்திரனுக்குத் தொட்டுப் பார்க்கவும் வழியில்லை. தண்ணீருக்குள் எதைத் தொட்டாலும் ஈரம்தான். ஓடத்தைக் கட்டிய கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டே பொழுதுக்கும் கரையில் உட்கார்ந்திருந்தார். சோறு அங்கேயே போயிற்று.

மேட்டூரில் திறந்த தண்ணீர் கொள்ளிடத்தில் இறங்கிவிட்ட செய்தி வந்ததும், ராசாங்கமும் அவரும் மூட்டைகளை இறக்கி, ஓடத்தைத் தூக்கி, வாளி வாளியாக இறைத்தார்கள். மறுநாள் பொழுது விடிகையில் மணல் பாதையைக் காணோம். நர்சம்மா சொன்ன நாள் வரை காத்திருக்க வயிற்றுப் பிள்ளைக்குப் பொறுமை இல்லை. ஷாலினி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, முடியலம்மா" என்றாள். அவளை ஏற்றிக்கொண்டு போக 108 வண்டி அக்கரையில் வந்து நின்றது.

முன்னால் ராசாங்கம் கழி ஊன்ற, பின்னால் பிலவேந்திரன் துடுப்புப் போட்டார். நடுவில் ஷாலினி தாய் மடியில் சாய்ந்திருந்தாள். செம்மண் நிறத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு போயிற்று. பாதி ஆற்றில் அவர் கைக்குப் பொறுக்கவில்லை. துடுப்பை மடியில் வைத்துவிட்டுக் குனிந்து அடிப்பலகையைத் தடவினார்.

கை நனைந்தது.

"ராசாங்கம்! ஒழுகுதுய்யா! ஐயோ, எம் பொண்ணக் கொன்னுட்டேனே!"

அமலோற்பவமேரி மகளின் சேலையைத் தொட்டுப் பார்த்தார். "ஓடம் ஒழுகலைங்க. புள்ளைக்குப் பனிக்கொடம் ஒடஞ்சிருக்கு. நீங்க துடுப்பப் போடுங்க. சீக்கிரம்!"

பிலவேந்திரன் ஒரு கணம் தன் உள்ளங்கையைப் பார்த்தார். அதை நெஞ்சில் துடைத்துக்கொண்டு துடுப்பை எடுத்தார். ஓடம் அக்கரை மணலில் முட்டி நிற்கும் வரை அந்தக் கை கீழே போகவே இல்லை.