எக்ஸ்ரேயில் ஐந்து குட்டி

எங்கள் லேப்ரடார் பெண்ணை மேட்டிங் விடலாமா என்று ஒருத்தர் தானாக வந்து கேட்டபோதே எனக்குச் சரியாகப் படவில்லை. ராஜகீழ்ப்பாக்கத்துக்காரர். ஒரு காலத்தில் வயல் வைத்திருந்த குடும்பம், இப்போது மனை வியாபாரம். வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு நாய் வளர்த்துக் குட்டி விற்கிறார். என் வீட்டுக்காரர் காலையில் வாக்கிங் போகிற இடத்தில் பிடித்த சிநேகம், ஒருத்தரையொருத்தர் அண்ணா அண்ணா என்று உருகுவார்கள். பிறக்கிறதில் ஒரு குட்டி கொடுத்தால் போதும் என்றாராம் அந்த மனுஷர். காரியம் இல்லாமல் ஒரு மனுஷன் இப்படிக் குழைவானா? கேட்டால், உனக்குப் பால்காரனிலிருந்து எல்லார் மேலும் சந்தேகம்தான் என்று வீட்டுக்காரர் என் வாயை அடைத்துவிட்டார்.

அவருடைய ஆண் நாயைப் பார்க்கப் போனோம். பளபளவென்றுதான் இருந்தது. பெண் நாய்களையும் காட்டுங்கள் என்றேன். தூங்குது, அப்புறம் பார்க்கலாம் என்றார். பட்டப்பகலில் எல்லா நாயும் சொல்லிவைத்தாற்போலத் தூங்குமா? கை கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். ஒருத்தி படுத்திருந்தாள். முதுகெலும்பு துருத்திக்கொண்டு, மடி தரையில் சரிந்து கிடந்தது. முன்பின் தெரியாத ஆள் வந்து நிற்கிறேன், குரைக்கக்கூட இல்லை. அங்கே கூட்டிக்கொண்டிருந்த பையனைக் கேட்டேன், அவளுக்கு நாலு வயசுதானாம். பருவத்துக்கு வருகிற ஒவ்வொரு ஹீட்டுக்கும் விடாமல் குட்டி போட வைத்திருக்கிறார்கள் என்று பார்த்ததுமே புரிந்தது.

வீட்டுக்கு வந்து முடியவே முடியாது என்றேன். ஒரே ஒரு தடவை, அதோடு கருத்தடை ஆபரேஷன் பண்ணிவிடலாம், சத்தியம் என்று வீட்டுக்காரர் கெஞ்சினார். சரி என்று தலையாட்டினேன். ஆனால் கண்ணை மட்டும் மூடவில்லை.

எங்கள் பெண்ணுக்கு வயிறு தெரிய ஆரம்பித்ததும் அந்த மனுஷர் அடிக்கடி வர ஆரம்பித்தார். எக்ஸ்ரே எடுக்கலாமா என்று நான் கேட்டதற்குச் சிரித்தார். அதெல்லாம் டாக்டருங்க துட்டு பண்ற வேலை, நான் கை வச்சாலே சொல்லிடுவேன், நாலு கீது என்றார். என் வீட்டுக்காரர் வாயெல்லாம் பல்லாக நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எக்ஸ்ரே எடுத்தால் இவருக்கு என்ன நஷ்டம்?

கடைசி வாரத்தில் நான் வேலை பார்க்கிற ஸ்கூலுக்கு லீவு சொல்லிவிட்டு, காதும் காதும் வைத்தாற்போல ஆட்டோவில் அவளைத் தாம்பரத்தில் ஒரு நாய் டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, பேனா முனையால் ஒவ்வொரு மண்டையாகத் தொட்டுக் காட்டினார். ஐந்து. அதில் ஒன்று கொஞ்சம் பெரிசு, கவனமாக இருங்கள் என்றார். குட்டி எதுவும் வராமல் பச்சையாக நீர் போனாலோ, அரைமணி நேரம் முக்கியும் குட்டி வராவிட்டாலோ யோசிக்காமல் கிளம்பி வரச் சொன்னார். உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்காமல் யாரையும் வலி வர ஊசி போட விடக்கூடாது, குட்டி அடைத்துக்கொண்டிருந்தால் கர்ப்பப்பை கிழிந்துவிடும் என்றும் சொன்னார். எக்ஸ்ரேயைப் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்தேன். வீட்டுக்காரரிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் அடுத்த நிமிஷம் அந்த நாய்க்கார அண்ணன் காதுக்குப் போய்விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வலி கண்டது. அண்ணனும் வந்து உட்கார்ந்துவிட்டார். நாலு குட்டி நல்லபடியாகப் பிறந்தன. எல்லாம் முடிந்தது என்று அவர் கை கழுவ, வீட்டுக்காரர் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட ஆரம்பித்தார். ஆனால் அவள் திரும்ப முக்கினாள். குட்டிகளை நக்கக்கூட இல்லாமல் என்னையே பார்த்து முக்கினாள். இன்னும் இருக்கிறது என்றேன். நஞ்சுக்கொடி தங்கியிருக்கும், ஒரு ஊசி போட்டால் விழுந்துவிடும் என்று அவர் சட்டைப்பையிலிருந்து மருந்தையும் சிரிஞ்சையும் எடுத்தார்.

நான் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டேன். "இன்னாம்மா, என் மேல நம்பிக்கை இல்லியா?" என்றார்.

"இல்லை" என்றேன்.

பீரோவைத் திறந்து எக்ஸ்ரேயை எடுத்துவந்து அவர் மடியில் போட்டேன். வீட்டுக்காரர் எண்ணினார். திரும்ப எண்ணினார். அண்ணன் சிரிஞ்சைத் திரும்பச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். இதை எப்போது எடுத்தாய் என்று வீட்டுக்காரர் கோபமாக ஆரம்பித்தார். சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், காரை எடுங்கள் என்றேன். குட்டிகளைத் துணி விரித்த பிளாஸ்டிக் கூடையில் போட்டுக் காலடியில் வைத்துக்கொண்டேன். பின்சீட்டில் அவள் என் தொடையில் தலையை வைத்து நடுங்கிக்கொண்டே வந்தாள். செத்துப்போய்விடுவாளோ என்று அவள் மூச்சையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

தாம்பரத்தில் ஸ்கேன் பண்ணிப் பார்த்தால், பெரிய குட்டி குறுக்கே மாட்டியிருந்தது. உயிரில்லை. உடனே வயிற்றைத் திறக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. கர்ப்பப்பை ரொம்ப நைந்திருந்தாலும் தைத்துப் பார்க்கலாம், ஆனால் அடுத்த பிரசவத்தில் இவள் பிழைப்பாள் என்று நான் சொல்ல மாட்டேன், சம்மதித்தால் கர்ப்பப்பையையே எடுத்துவிடுகிறேன் என்றார். குட்டிகளுக்குப் பால் வேண்டுமே என்று வீட்டுக்காரர் இழுத்தார். பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டரம்மா. ஒரு நிமிஷம் என்று இவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஒரே தடவை என்று சத்தியம் பண்ணின ஆளுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றேன்.

"எடுத்துட்டா அடுத்த ஹீட்டுக்கு நாம பேசினது என்ன ஆகும்ணா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பின்பக்க ஷெட்டில் குரைக்காமல் கிடந்தவள்தான் கண்முன் வந்தாள். திரும்பி உள்ளே போய், எடுத்துவிடுங்கள் என்று சொல்லி நானே கையெழுத்துப் போட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து இவர் வந்தார். அவசரப்பட வேண்டாம், இன்னொரு டாக்டரைக் கேட்டுவிடலாம் என்று அண்ணன் சொல்கிறாராம்.

"எடுத்தாச்சு" என்றேன்.

உள்ளே அப்போதுதான் அவள் வயிற்றில் முடியை மழித்துக்கொண்டிருந்தார்கள்.