சீட் பெல்ட்டுக்கு ஒரு கத்தி

கத்தி வாங்கப் போனபோது அல்சூர் பஜாரில் ஹார்ட்வேர் கடைக்காரர் என்னிடம் முதலில் கேட்டது, காய்க்கா, மீனுக்கா என்பதுதான்.

"சீட் பெல்ட்டுக்கு" என்றேன்.

அவர் என்னையும் என் கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையையும் பார்த்தார். "போடலேன்னாதான் மேடம் போலீஸ் புடிக்கிறான். போட்டத அறுக்கச் சொல்லி யாரும் சொல்லலியே" என்றார். பிறகு கண்ணாடிப் பெட்டிக்கு அடியிலிருந்து மூன்று மடக்குக் கத்திகளை எடுத்துப் போட்டார். இருப்பதிலேயே மலிவானதை எடுத்தேன். அதைப் பிரித்துப் பார்க்கப் போகிறேன் என்று எனக்கு அப்போதே தெரியும். விலை உயர்ந்த பொருளைப் பிரிக்க எனக்குத் தைரியம் வராது.

அதற்கு மூன்று வாரம் முன்பு, மாலை மழையில், ரயில் பாதைக்குக் கீழே போகும் ஒரு சுரங்கப்பாதையில் எங்கள் கார் நின்றுவிட்டது. ஓட்டியது நான். பக்கத்தில் என் மகள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தண்ணீர் முதலில் கால்மிதிக்கு வந்தது, பிறகு இருக்கைக்கு வந்தது. என் பெல்ட்டைக் கழற்றிவிட்டேன். அவளுடையது கழலவில்லை. அந்த பக்கிள் சில மாதங்களாகவே அப்படித்தான். ஒரு தட்டு தட்டினால் கழலும். மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நான் வேலை பார்ப்பது ஒரு காப்பீட்டு அலுவலகத்தில், இழப்பீட்டு விண்ணப்பங்களைப் படிக்கும் பிரிவில். "குறைபாடு முன்பே தெரிந்திருந்தும் சரிசெய்யத் தவறியது" என்ற வரியை வாரம் தவறாமல் எழுதுகிறவள்.

அன்று எவ்வளவு தட்டியும் கழலவில்லை. "சோத்துக்கைப் பக்கம் அமுக்கு, சோத்துக்கைப் பக்கம்" என்று நான் கத்தினேன். அவள் வலது கை பெல்ட்டுக்கும் இடுப்புக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. தன் தள்ளுவண்டியை மேட்டில் விட்டுவிட்டு இறங்கி வந்த ஓர் இளநீர்க்காரர் கதவை இழுத்துத் திறந்தார். கையில் இளநீர் சீவும் கத்தி. "அல்லாடபேடம்மா" என்றார், அசையாதே என்று. மகளின் மார்புக்கும் பெல்ட்டுக்கும் நடுவே தன் உள்ளங்கையைக் கொடுத்து, பெல்ட்டின் ஓரத்தில் கத்தியை வைத்து இழுத்தார். மேட்டுக்கு வந்ததும் அதே கத்தியால் ஆளுக்கொரு இளநீர் சீவிக் கொடுத்தார். குடித்தோம். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கார் சரியாகி வந்தது. புது பெல்ட், புது பக்கிள். மகள் அதில் ஏறவில்லை. "மெட்ரோவே ஈஸி மா" என்றாள். அத்திபெலேயில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்கு மெட்ரோ போகாது. ஒரு ஞாயிறு அங்கே போக அவள் இரண்டு பஸ் மாறினாள். நான் காரில் போய் அண்ணன் வீட்டு வாசலில் ஒரு மணி நேரம் அவளுக்காகக் காத்திருந்தேன். அடுத்த முறை அவளாகவே வெளியே வந்துவிட முடியும் என்று காட்டினால் ஏறுவாள் என்று முடிவு செய்தேன். இதை அவளிடம் கேட்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்துக் கத்தியை வைத்தேன். மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கும். திறந்தால் கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு ஒன்று பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடியில் முட்டுக்கொடுக்கும். அதுதான் பூட்டு. அது நழுவினால் அலகு விரல்மேல் மடங்கும். எனவே முதல் சோதனை அதற்கு. விரல்களை அலகு மடங்கும் வழியிலிருந்து விலக்கிக்கொண்டு, அலகின் முதுகை மரப்பலகையில் தட்டினேன். முதலில் மெதுவாக, பிறகு பலமாக, ஐம்பது முறை. ஆணி அடிப்பதானால் காலையில் அடிக்கும்படி கீழ்வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். பூட்டு நழுவவில்லை.

அடுத்தது ஆட்டம். திறந்த அலகைப் பிடித்து அசைத்தால் இலேசாக ஆடியது. அச்சுத் திருகை இறுக்கினால் ஆட்டம் நின்றது, ஆனால் ஒரு கையால் திறக்க முடியவில்லை. தளர்த்தினால் திறந்தது, ஆடியது. மலிவுக் கத்தியின் கஷ்டமெல்லாம் திருகின் இந்தக் கால்வாசித் திருப்புக்குள்தான் இருக்கிறது. பிரித்தேன். உள்ளே இரண்டு பிளாஸ்டிக் வளையங்கள். ஒன்றின் ஓரத்தில் பிசிறு. அதைச் சீவி, உப்புத்தாளில் தேய்த்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுத் திரும்பப் பூட்டினேன். திருகு தானாகத் தளராமலிருக்க மரையில் கொஞ்சம் நகப்பூச்சு தடவினேன்.

"அது என்னுது" என்றாள் மகள், அந்தப் பக்கமாகப் போனவள்.

"ஒரு சொட்டுதான் எடுத்தேன்."

"பெல்ட் அறுக்கறதுக்குன்னே கொக்கி மாதிரி ஒண்ணு விக்கிறாங்க மா. ஆன்லைன்ல போட்டா நாளைக்கே வந்துடும்."

"கத்தி அறுத்தத நான் கண்ணால பாத்தேன். கொக்கி அறுத்தத பாக்கல."

சிவாஜிநகரில் பழைய கார் சாமான் விற்கும் தெருவில் அரை டஜன் சீட் பெல்ட் வாங்கி வந்தேன். கத்தியோடு வந்த கூர் தக்காளிக்குப் போதும், பெல்ட்டில் வழுக்கியது. கல்லில் தீட்டினேன். வழவழப்பாகத் தீட்டினால் இன்னும் வழுக்கியது. கொஞ்சம் சொரசொரப்பாக விட்டால்தான் நாடாவைக் கடிக்கிறது என்று தெரிவதற்குள் இரண்டு பெல்ட் தீர்ந்தது. பிறகு கைப்பிடி. சோப்புத் தண்ணீரில் கையை நனைத்துவிட்டுப் பிடித்தால் மீன் மாதிரி நழுவியது. கிரிக்கெட் மட்டையின் கைப்பிடி ரப்பரை நறுக்கி இரண்டு பக்கமும் ஒட்டினேன். கடைசியாக முனை. அவசரத்தில் அது அவள் மேலேயே குத்திவிடக் கூடாது. கல்லில் வைத்துத் தேய்த்து உருண்டையாக்கினேன். இரண்டு மாலை பிடித்தது.

"காசு குடுத்து கத்தி வாங்கி மொனைய மழுக்குற ஆள இப்பதான் பாக்குறேன்" என்றார் என் கணவர்.

ஞாயிறு காலை மகளைக் கீழே பார்க்கிங்குக்கு அழைத்தேன்.

"ஸ்டார்ட் பண்ண மாட்டேல்ல?"

"சாவி மேலதான் இருக்குது."

ஏறி உட்கார்ந்தாள். பழைய பெல்ட் ஒன்றை அவள்மேல் குறுக்காகப் போட்டு இருக்கைக்குப் பின்னால் முடிந்தேன். வலது கையை அன்று போலவே பெல்ட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். கத்தி கியருக்குப் பக்கத்துக் குழியில். போனில் நேரத்தை ஓடவிட்டேன்.

இடது கையை நீட்டிக் கத்தியை எடுத்தாள். திறப்பதற்காக அலகில் ஒரு குமிழ் உண்டு, கட்டைவிரலால் தள்ள. அவள் கட்டைவிரல் அதைத் தேடியது. குமிழ் மறுபக்கம் இருந்தது.

"சோத்துக்கையால, பாப்பா. சோத்துக்கையால எடு."

வலது கையை உருவி, கத்தியை அதற்கு மாற்றினாள். அது நழுவி இருக்கைக்கு அடியில் விழுந்தது.

அவள் குனியவில்லை. "நான் லெஃப்டி மா" என்றாள். "உனக்குத் தெரியும்ல?"

பத்தொன்பது வருடமாகத் தெரியும். அவள் இடது கையால்தான் எழுதுகிறாள், பல் தேய்க்கிறாள், கதவைத் திறக்கிறாள். சாப்பிடுவதும் பிறருக்கு ஒன்றைக் கொடுப்பதும் மட்டும் வலது கையால். அந்த இரண்டையும் நான்தான் மாற்றினேன். மூன்று வயதில் இடது கையில் ஒரு பொம்மையைக் கொடுத்துவிட்டு வலது கையில் சோற்றுருண்டையை வைப்பேன். சோத்துக்கை எது, காட்டு, என்பேன். தவறாகக் காட்டினால், அது பீச்சாங்கை, என்பேன். எல்லார் வீட்டிலும் சொல்வதுதான். பத்து நாள் மேசையில் உட்கார்ந்து அந்தக் கத்தியை நூறு முறைக்கு மேல் திறந்து மூடினேன், முழுதும் என் வலது கையால். அவள் கையென்று நான் நினைத்துக்கொண்டிருந்தது நான் பழக்கிய கையை.

"அன்னைக்கும் சோத்துக்கைன்னுதான் கத்துனே" என்றாள். "எனக்கு அந்த வார்த்தைய கேட்டா ஒரு செகண்ட் யோசிக்கணும். எப்பவுமே. எது கரெக்ட் கை, எதுக்கு அடி விழும்னு."

"நான் அடிச்சதில்லியே."

"தட்டுவே."

"எவ்ளோ நேரம் யோசிச்ச அன்னைக்கு?"

"தெரியல மா. ஒரு செகண்ட். ரெண்டு."

போனில் நேரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினேன்.

குமிழைப் பிடித்திருப்பது ஒரே ஒரு திருகு. கழற்றி, மறுபக்கத்திலிருந்து செருகி, முடுக்க மூன்று நிமிடம் ஆனது. பத்து நாளில் நான் செய்த எல்லா வேலையிலும் இதுதான் சுலபம். மறுபடி பெல்ட்டை முடிந்தேன். இந்த முறை எந்தக் கையென்று நான் எதுவும் சொல்லவில்லை. இடது கை போனது, அலகு திறந்தது, பெல்ட் இரண்டானது. இன்னொன்று கட்டச் சொன்னாள். அதுவும். மடக்கும்போது மட்டும் பூட்டுத் தகட்டை ஆள்காட்டி விரலால் தள்ள வேண்டியிருந்தது. அதைத் தானே கண்டுபிடித்தாள்.

"இப்ப நீ" என்றாள்.

"எனக்கெதுக்கு?"

"நீ வெளிய வர வேண்டாமா? நான் மட்டும் வந்து மேட்ல நின்னு இளநீ குடிக்கணுமா?"

காப்பீட்டுத் துறையில் இருபது வருடம் இருந்தும் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். கடைசி பெல்ட்டை அவள் என்மேல் முடிந்தாள், நான் முடிந்ததைவிட இறுக்கமாக. கத்தி இப்போது இடது கைக்காரருக்கானது. குமிழ் என் வலது கட்டைவிரலுக்கு எட்டவில்லை. இடது கையால் முயன்றேன். அந்தக் கை என் பேச்சைக் கேட்டதில்லை. கேட்கும்படி நானும் எதுவும் சொன்னதில்லை. அலகு பாதியில் நின்றது.

"மெதுவா மா. பீச்சாங்கைதானே, கடிக்காது."

ஐந்தாவது தடவை அலகு முழுதாகத் திறந்தது. பெல்ட்டை அறுக்க இன்னும் நான்கு தடவை பிடித்தது. அவள் நேரம் பார்க்கவில்லை. அறுந்ததும், நறுக்கிய நாடாத் துண்டுகளையெல்லாம் பொறுக்கி ஒரு பையில் போட்டாள். பிறகு, "சாவி எடுத்துட்டு வா" என்றாள்.

அல்சூர் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். இரண்டாவது கியருக்கு மேல் நான் போகவில்லை. பின்னாலிருந்து ஆட்டோக்காரர்கள் ஹார்ன் அடித்தபடி கடந்து போனார்கள். அவள் பெல்ட் போட்டுக்கொண்டு, இடது கையை மடியில் வைத்தபடி, வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அத்திபெலேக்கு அடுத்த ஞாயிறு காரிலேயே வருவதாகச் சொன்னாள், மழை இல்லாவிட்டால். அந்தச் சுரங்கப்பாதை வழியாக இன்னும் போகவில்லை.