சாலைக் கூட்டம் பஸ் ஏறுகிறது

மரக்காணம் உப்பளத்துக்கு எதிரே, சாலையை அகலப்படுத்துவது பற்றிக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கிறது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நானும் நிழலுக்காகப் பந்தலில் உட்காருகிறேன்.

"கார்ல சீக்கிரமா போலாம்" என்கிறார் அதிகாரி.

"எங்ககிட்ட ஏதுங்க காரு? காலம் கெட்டு மழ பேஞ்சி உப்பெல்லாம் கரையுது. இன்னும் கார் புகை வேறயா? ரெண்டு பஸ்ஸு விடுங்க சார்" என்கிறார், என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உப்பளத் தொழிலாளி செல்வி.

அதற்குள் பாண்டிச்சேரி பஸ் வந்துவிடுகிறது. அடுத்தது எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. பந்தலே எழுந்து ஓடுகிறது. "கூட்டம் இன்னும் முடியலைங்க!" என்று கத்திக்கொண்டே அதிகாரியும் ஓடிவந்து ஏறுகிறார். பஸ் கிளம்பிவிடுகிறது.

மீன்கூடைக்கும் என் முதுகுக்கும் நடுவே நசுங்கி நிற்கும் அவரிடம் செல்வி கேட்கிறார்: "இப்ப சொல்லுங்க சார், ரோடு வேணுமா, பஸ்ஸு வேணுமா?"

"முதல்ல இன்னொரு பஸ் விடணும்மா" என்கிறார் அவர், மூக்கைப் பொத்திக்கொண்டு.