பால் பெட்டிக்கு ஒரு பூட்டு

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. பூட்டுக்காரி என்றால்தான் தெரியும். சாவி வெட்டுவது கணவனின் வேலை, பூட்டைப் பொருத்துவதும் திறப்பதும் அவளுடைய வேலை. அவனுக்குக் கை அவசரம். கம்பியை விட்டுக் கொஞ்சம் துழாவுவான், பிறகு சுத்தியலைத் தேட ஆரம்பித்துவிடுவான். அவள் கதவில் காதை வைத்து, மூச்சை அடக்கி, உள்ளே பூட்டின் பல் விழும் சத்தத்துக்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருப்பாள்.

மனிதர்களிடம் அந்தப் பொறுமை கிடையாது. “ஒரு கம்பிய விட்டு ஆட்டினதுக்கு இவ்வளவு கேக்கறியே” என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், திறந்த கதவைத் திரும்பப் பூட்டிவிட்டு, “இந்தாங்க கம்பி, நீங்களே ஆட்டிப் பாருங்க” என்று படியிறங்கி வந்துவிடுவாள்.

“பூட்டுகிட்ட காட்டற பொறுமையில கால்வாசி மனுசங்ககிட்ட காட்டேன்” என்பான் கணவன்.

“பூட்டு என்கிட்ட வாயாடறதில்லையே.”

இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பிறந்தபோது அவளுக்குக் கடுமையான காய்ச்சல், பால் சுரக்கவே இல்லை. டப்பா பால்தான். அந்தப் பெண் இப்போது கடை அலமாரியில் குரங்கு மாதிரி ஏறி, மேல்தட்டில் இருக்கும் சாவிக் கொத்தை எடுத்துக் கொடுக்கிறாள். அதனால் டப்பா பாலைப் பற்றி யாராவது மட்டமாகப் பேசினால் அதற்கும் பூட்டுக்காரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

இரண்டாவது மகனுக்குப் பால் வெள்ளமாக வந்தது. பிள்ளைக்குப் புரையேறியது, போட்ட துணி எல்லாம் நனைந்தது. தடுப்பூசிக்குப் போன இடத்தில் ஒரு நர்ஸ் அதைக் கவனித்தாள். அந்த ஆஸ்பத்திரியில் தாய்ப்பால் சேமிக்கும் அறையைப் பார்த்துக்கொள்பவள் அவள்.

“மாசம் நிறையறதுக்கு முன்னாடியே பிறக்கற குழந்தைங்க இருக்குங்க. உள்ளங்கை அளவுதான் இருக்கும். குடல் இன்னும் சரியா முதிர்ந்திருக்காது. அம்மாவுக்குப் பால் வர்ற வரைக்கும் வேற தாய்ப்பால் கிடைச்சா, டப்பா பாலைவிட அதுங்க வயித்துக்கு ஒத்துக்கும். உங்க பையன் குடிச்சது போக மிச்சத்தக் குடுப்பீங்களா?”

ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அதன்பின் தினமும் காலையில், கடைக்குப் பின்னால் எண்ணெய் டப்பாக்களும் பழைய தாழ்ப்பாள்களும் கிடக்கும் அறையில், திரையை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் பாலைப் பீய்ச்சி பாட்டிலில் அடைப்பாள். ஆஸ்பத்திரி வண்டிக்காரர் வந்து வாங்கிப் போவார். அங்கே அதைச் சூடுபடுத்திக் கிருமி நீக்கி உறையவைப்பார்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். யாரோ ஒரு பொடிசு அதைக் குடிக்கிறது என்ற நினைப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. வெளியே சொல்லமாட்டாள்.

ஒருநாள் அதே ஆஸ்பத்திரியிலிருந்து கடைக்குப் போன் வந்தது. ஃப்ரீசருக்கு ஒரு பூட்டு போட வேண்டுமாம். கருவிப் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

பால் அறையில் நிர்வாகி நின்றிருந்தார். தேய்த்த சட்டை, கையில் போன். நர்ஸ் சுவரோரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூட்டுக்காரியைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

“ரெண்டு சாவி போதும். ரெண்டும் என்கிட்டதான் இருக்கும்” என்றார் நிர்வாகி.

அவள் கதவோரத்தை அளந்து பென்சிலால் குறி போட்டாள். பேச்சுவாக்கில், “பாலையா சார் திருடறாங்க?” என்று கேட்டாள்.

“வெளியாளுங்க இல்லம்மா, இங்க இருக்கற நர்சுங்கதான். பொது வார்டுக் குழந்தைங்களுக்கு எடுத்துக் குடுத்திடறாங்க.”

பென்சில் நின்றது. “குடுக்கத்தானே சார் இது?”

“தனி ரூமுக்கு. பதப்படுத்தற செலவ அவங்க கட்டறாங்க. பொது வார்டுல யாரு கட்டுவா? அவங்களுக்குப் பவுடர் போதும், எதிர்க் கடையில கிடைக்குது. நீ சீக்கிரம் முடி.”

அவள் டிரில்லைக் கீழே வைத்தாள். “இது யாரோட பாலு சார்?”

“ஆஸ்பத்திரியோடது.”

“ஆஸ்பத்திரிக்கு எங்க சார் மாரு இருக்கு?”

வராந்தாவில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று எட்டிப் பார்த்தார்கள். நிர்வாகியின் காது சிவந்தது. “மரியாதையாப் பேசும்மா. பூட்டு போட வந்தவளுக்கு இதெல்லாம் எதுக்கு?”

“பூட்டு போட மட்டும் வரல சார். உள்ள இருக்கறதுல என் பாலும் இருக்கு. எடுங்க வெளிய. என் பாலை எனக்குத் திருப்பிக் குடுங்க.”

நர்ஸ்தான் மெல்லச் சொன்னாள், “எல்லார் பாலையும் ஒண்ணாக் கலந்துட்டோம் பூட்டுக்காரம்மா. பிரிக்க முடியாது.”

“தானம்னு எழுதிக் குடுத்துட்டு அப்புறம் கணக்கு கேக்கக் கூடாது” என்றார் நிர்வாகி.

“தானம்னு குடுத்தேன். சரக்குன்னு குடுக்கல.”

கருவிகளைப் பையில் வாரிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். நர்ஸ் பின்னாலேயே ஓடிவந்து பொது வார்டுக்கு அழைத்துப் போனாள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பெண் குழந்தை. கை கால் குச்சி குச்சியாக இருக்க, வயிறு மட்டும் பளபளவென்று உப்பியிருந்தது. அதன் அம்மா அறுவை சிகிச்சைக்குப் பிறகு கண் திறக்க முடியாத காய்ச்சலில் வேறு வார்டில் கிடந்தாள். பெரியம்மாதான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“டப்பா பால் ஒத்துக்கல. நான் யாருக்கும் தெரியாம எடுத்துக் குடுத்த பால்லதான் ரெண்டு நாள் வயிறு தணிஞ்சுது. அதைத்தான் பிடிச்சுட்டாங்க” என்றாள் நர்ஸ்.

“இப்பவே பீய்ச்சித் தர்றேன், குடு சிஸ்டர்.”

“சூடுபடுத்தாத பாலை இவ்வளவு சின்னக் குழந்தைக்குக் குடுக்கக் கூடாதும்மா. அந்த மெஷின் இருக்கற அறையிலதான் அவர் நின்னுட்டிருக்கார்.”

பெரியம்மா ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பூட்டுக்காரிக்கு நெஞ்சு கனத்து, பால் தானாகச் சுரந்து சட்டையை நனைத்தது. பக்கத்தில் குழந்தை. குடுக்க முடியாது.

வீட்டுக்கு வந்து கணவனிடம் கொட்டினாள். “நமக்கெதுக்கு வம்பு? நாம பூட்டு போடற ஆளுங்க” என்றான். அன்று அவனுக்குச் சாப்பாட்டுத் தட்டு டங்கென்று வந்தது. மறுநாள் வண்டிக்காரர் வந்தபோது வெறுங்கையை விரித்தாள். அவரிடமே கேட்டு, பால் கொடுக்கும் மற்றப் பெண்களின் வீடுகளுக்குப் போனாள். ஒருத்தி தையற்காரி, ஒருத்தி வங்கியில் வேலை பார்ப்பவள், ஒருத்தி ரொட்டிக்கடைக்காரரின் மருமகள். நடந்ததைச் சொன்னாள். கேட்ட எல்லாருக்கும் கோபம் பற்றிக்கொண்டது. ஒரு பாட்டில்கூடப் போகவில்லை. வேறொரு ஆளை வைத்து நிர்வாகி பூட்டைப் போட்டுவிட்டார். ஆனால் சில நாளில் பெட்டி காலி. “காலிப் பெட்டிய நல்லாப் பூட்டிக்கட்டும்” என்று கடையில் உட்கார்ந்து சிரித்தாள் பூட்டுக்காரி.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நர்ஸ் கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“ஜெயிச்சுட்டீங்க, சந்தோஷமா? அந்தப் பெண் குழந்தைய நேத்து குடல் ஆபரேஷனுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டோம். பூட்டு போடறதுக்கு முன்னாடி ரெண்டு பாட்டில் ஒளிச்சு வெச்சிருந்தேன். அதுவும் தீர்ந்துச்சு. வண்டியில புதுசா வந்தா, சூடுபடுத்தினதும் பெட்டியில வெக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு எடுத்திருப்பேன். வரலையே! தனி ரூம்லயும் ஒண்ணு அதே மாதிரி கிடக்கு. அதோட அப்பன்கிட்ட காசு இருக்கறது அது பண்ண குத்தமா?”

“என்னை ஏன் திட்டற? அந்த ஆளைப் போய்த் திட்டு!”

“அவரைத் திட்டினா என் வேலை போகும். உங்களை நம்பித்தானே சொன்னேன்!” நர்ஸ் அழுதுகொண்டே போய்விட்டாள்.

பூட்டுக்காரி மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்றப் பெண்களையும் அவரவர் பிள்ளைகளோடு கூட்டிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். நிர்வாகியின் அறையில், விருந்தாளிகளுக்கான மெத்தை நாற்காலிகளில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஒரு பிள்ளை அழ, அதைக் கேட்டு இன்னொன்று அழ, ரொட்டிக்கடை மருமகளின் பிள்ளை அவருடைய கம்பளத்தை நனைக்க, நிர்வாகி போனில் பேசவும் முடியாமல் எழுந்து போகவும் முடியாமல் தவித்தார். சத்தம் கேட்டுக் குழந்தைகள் டாக்டர் உள்ளே வந்தாள். அமைதியான பெண்மணி.

பூட்டுக்காரி அவள்மேல் பாய்ந்தாள். “இவருக்குப் பாலும் தெரியாது பிள்ளையும் தெரியாது, விடுங்க. நீங்க படிச்சவங்கதானே டாக்டரம்மா? இவ்வளவு நாள் எங்க போயிருந்தீங்க?”

டாக்டர் முகம் வெளுத்தது. “தெரியும். எதிர்த்துப் பேசல. பேசியிருக்கணும்” என்றாள். பிறகு நிர்வாகியைப் பார்த்து, “எந்தக் குழந்தைக்கு அவசியமோ அதுக்கு முதல்ல, எந்த வார்டா இருந்தாலும். நாங்கதான் முடிவு பண்ணுவோம். நிறைமாசக் குழந்தைக்குக் கொஞ்ச நாள் பவுடர் குடுத்தாப் போதும், பயமில்ல. சாவி டியூட்டி டாக்டர்கிட்ட இருக்கணும்” என்றாள்.

“முடியாதுன்னா?”

“இவங்களும் தர மாட்டாங்க, நானும் வேலைக்கு வரமாட்டேன்.”

பூட்டு அப்படியே இருக்கிறது. சாவி மட்டும் கை மாறியது. பூட்டுக்காரி மறுநாளே பாட்டில்களை அனுப்பினாள். மகன் பால் மறக்கும்வரை அனுப்பினாள்.

குடல் ஆபரேஷனுக்குப் போன குழந்தை பிழைத்தது. குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். தேறிவர நாளாகும் என்றார்கள். அதைக் கேட்டதும் பூட்டுக்காரி டாக்டரிடம் தனியாகப் போனாள்.

“நாங்க நிறுத்தாம இருந்திருந்தா இது வந்திருக்காதா?”

“சொல்ல முடியாதும்மா. தாய்ப்பால் குடிக்கற குழந்தைக்கும் சில சமயம் வரும். உங்களாலதான்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது.”

“ஏதாவது ஒண்ணச் சொல்லுங்க!” என்று கத்தினாள்.

இப்போதும் அந்த ஆஸ்பத்திரிப் பேச்சு வந்தால் அவள் குரல் உயர்ந்துவிடும். நிர்வாகியை வாய்க்கு வந்தபடி திட்டுவாள். பேசாமல் இருந்த டாக்டரைத் திட்டுவாள். திட்டத் திட்ட முகம் சுருங்கிக்கொண்டே வரும். கணவன் சாவி வெட்டும் மெஷினை நிறுத்திவிட்டு அவளையே பார்ப்பான். மீதிக் கோபம் யார்மேல் என்று அவனுக்குத் தெரியும். கேட்கமாட்டான்.