ரோஸ் கரை போட்ட அந்துப்பூச்சி

கல்லடி ஜெயராஜா முப்பத்தொரு வருடம் டவுனில் ஒரு புடவைக்கடையில் சேலை விரித்துக் காட்டியவர். கேட்ட கலர் கடையில் இல்லாவிட்டால், அப்படியொரு கலர் உலகத்திலேயே வரவில்லை என்று சத்தியம் பண்ணுவார். ஓய்வு பெற்றபின், வீட்டுத் தோட்டத்துக்கு வரும் அந்துப்பூச்சிகளைப் படமெடுத்து, இனங்கண்டு சொல்லும் பேஸ்புக் குழு ஒன்றில் போடுகிறார். மற்றவர்கள் உணர்கொம்பு, இறக்கை நரம்பு என்று மண்டையை உடைத்துக்கொள்ளும்போது இவர், "காப்பிக்கலர் உடல், மாம்பழக்கலர் கரை, முந்தானையில் இரண்டு புட்டா" என்று எழுதுவார். நிபுணர்களுக்கு அதிலேயே பெயர் பிடிபட்டுவிடும்.

நேற்றுக் காலை நந்தியாவட்டையில் பெரிய பூச்சியொன்று இறக்கையை விரித்தபடி இருந்தது. மனைவியைக் கூப்பிட்டார்.

"இஞ்ச பாரு ஜூலி, இலைப்பச்சை உடல், ரோஸ் கரை. என்ன எடுப்பு."

ஜூலி கண்ணாடியைப் போட்டுக் குனிந்து, நிதானமாகப் பார்த்தார்.

"மூத்தவள்ட கலியாணத்துக்கு நான் கேட்ட சேலை இதுதானே. இப்பிடியொரு கலர் உலகத்திலயே வரல்லயெண்டு சொன்னீங்க."

ஜெயராஜா பூச்சியைப் பார்த்தார். பிறகு ஜூலியைப் பார்த்தார்.

"அப்ப வரல்ல. இது போன கிழமைதான் புதுசா வந்திருக்கு."